செப்புப் பள்ளத்தில் எழுந்த தாரை: பெங்களூரு லேசர் கூடத்தில் ஒரு வியாழக்கிழமை

இந்த வலைப்பூவில் இதுவரை அணைகள், மலைக்கோட்டைகள், கர்நாடக எல்லைக் காடுகள் என்று நாம் போய்ச் சேரும்வரை பொறுமையாகக் காத்திருக்கிற இடங்களைப் பற்றித்தான் எழுதி வந்திருக்கிறேன். கடந்த செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை பெங்களூருக்குப் போய் நான் பார்த்துவிட்டு வந்த பொருள் அப்படிக் காத்திருக்காது. ஒரு வினாடியைக் கோடி பங்காக்கினால் அதில் சில பங்கு நேரம்தான் அதன் ஆயுள். செப்புத் தகட்டில் லேசர் பட்டதும் எழுந்து நிற்கும் பிளாஸ்மா தாரை அது. அதைப் பார்க்கப் போன கதையையும், நீங்களும் போவதென்றால் எப்படிப் போகலாம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

எனக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு பொறிப்புக் கடை இருக்கிறது. வீட்டு வாசலுக்குப் பெயர்ப் பலகை, மெஷின்களுக்கு எண் தகடு, பூஜை அறைக்கு எந்திரத் தகடு என்று உலோகத்தில் எழுத்தும் கோடும் வெட்டித் தருவதுதான் தொழில். ஆகஸ்ட் கடைசியில் பெங்களூரிலிருந்து ரெஜினா என்ற பெண் போனில் கூப்பிட்டார். இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர். அவருடைய சித்தி எங்கள் ஊரில் இருக்கிறார்; அந்தச் சித்தி போகும் சர்ச்சுக்கு நான் ஒரு பித்தளைப் பலகை செய்து கொடுத்திருந்தேன். அந்த வழியில் என் எண் போயிருக்கிறது.

"அண்ணா, எழுத்து எதுவும் வேணாம். வெறும் கோடுதான். ஆனா அந்தக் கோடு வீ ஷேப்புல பள்ளமா இருக்கணும். ரெண்டு சைடும் ஒரே சாய்வு வேணும்."

"எதுக்கும்மா? என்ன ஜாப்?"

"அதுல லேசர் அடிக்கப் போறேன்ணா. ரெண்டு சைடுல இருந்தும் செம்பு ஆவியாகி வந்து நடுவுல முட்டிக்கும். முட்டுன எடத்துலருந்து ஒரு ஜெட் மேல கெளம்பும்."

ஆறே ஆறு சின்னத் தகடுகள். பெங்களூரில் இருக்கிற பெரிய பட்டறைகள் இவ்வளவு சின்ன ஆர்டரை எடுக்கவில்லையாம். எனக்கு அது ஒரு மதிய வேலை. ஆனால் "முட்டுன எடத்துலருந்து ஒரு ஜெட்" என்று அவர் சொன்னது காதிலேயே நின்றுவிட்டது. என் கடையிலும் ஒரு சிறிய லேசர் மெஷின் உண்டு. அது எஃகில் பட்டதும் ஒரு பொட்டு வெளிச்சம் எழும்பும். பல வருஷமாக அதைக் கண்ணாடி வழியே பார்த்திருக்கிறேன், அது என்ன என்று யாரிடமும் கேட்டதில்லை. கூரியரில் அனுப்ப முடியுமா என்று கேட்டவரிடம், "நானே கொண்டு வரேன்மா, அடிக்கிறப்ப ஒரு தடவை பாக்க விடுவாங்களா?" என்று கேட்டேன். தன் பேராசிரியை மேடத்திடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு நாளில் அனுமதி வந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். காலை ஆறு மணிப் பேருந்தில் ஏறினேன். ஓசூர் வரை ஒரு மணி நேரம். அத்திப்பள்ளி தாண்டினால்தான் நெரிசல் ஆரம்பம். ஆனேக்கல் போகிற பேருந்துகளும் கம்பெனி வண்டிகளும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். முன்பெல்லாம் இங்கிருந்து சில்க் போர்டு சந்திப்புக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடும். இப்போது பொம்மசந்திராவிலேயே இறங்கி மெட்ரோ பிடிக்கலாம். எட்டு மணிக்கு முன்பே மஞ்சள் தட மெட்ரோ நிலையத்தில் இருந்தேன்.

அங்கே ஒரு தடங்கல். பையை ஸ்கேன் இயந்திரத்தில் விட்டதும் காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார். திரையில் ஆறு தகடுகளும் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தன.

"ஏனிது சார்? உள்ள என்னா?"

எடுத்துக் காட்டினேன். பஞ்சில் சுற்றிய செப்புத் தகடுகள், நடுவில் ஒரு பள்ளம். அவர் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எந்திரமா சார்? மந்திரம் எழுதலையே?"

"எந்திரம் இல்லைங்க. லேசர் ஆராய்ச்சிக்கு."

"எங்க வீட்டுக்கு ஒண்ணு பண்ணணும் சார், வாஸ்து சரியில்லேன்றாங்க" என்று என் கடை எண்ணை வாங்கிக்கொண்டுதான் விட்டார். உலோகப் பொருள் எதையாவது எடுத்துக்கொண்டு மெட்ரோவில் போகிறவர்கள் மேலாகவே வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் உங்களைச் சபிக்காமல் இருப்பார்கள்.

ஆர்.வி. ரோடு நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறி யஷ்வந்த்பூரில் இறங்கினேன். பொம்மசந்திராவிலிருந்து அங்கு வரை தொண்ணூறு ரூபாய் ஆனது. கட்டணம் மாறலாம், ஏறுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டியவர் சிவாஜிநகர்க்காரர். என் தமிழைக் கேட்டதும் அவரும் தமிழுக்கு மாறிவிட்டார். லேசர் பார்க்கப் போகிறேன் என்றதும், "கண் ஆபரேசனா ஸார்? பயப்படவே கூடாது. எங்க அம்மாக்குப் போன வருசம் பண்ணோம். இப்ப பால் பாக்கெட்ல தேதி படிக்கிறாங்க" என்று தைரியம் சொன்னார். நான் திருத்தவில்லை. அவ்வளவு அக்கறையாகச் சொன்னவரிடம் பிளாஸ்மாவை இழுக்க மனம் வரவில்லை.

ஆய்வு நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மரங்கள் அடர்ந்த வளாகம். வாசலில் ஆதார் அட்டையைப் பார்த்து, பார்வையாளர் அட்டை கொடுத்து, போன் கேமராமேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ரெஜினா வாசலுக்கே வந்திருந்தார். முப்பதுக்குள் வயது, கூந்தலை ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் அள்ளிச் செருகியிருந்தார். கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலம். மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும், தடுமாற்றமே இருக்காது.

ஆய்வுக்கூடம் தரைத்தளத்தில், கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கோடு இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் கொடுத்த ரப்பர் செருப்பைப் போட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் உள்ளே ஓர் அடிகூட வைக்கக் கூடாது. அங்கே இருக்கும் லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாத வகை. தெரியாததாலேயே ஆபத்து அதிகம் என்றார் ரெஜினா. நடுவில் ஒரு பெரிய இரும்பு மேசை. அதன்மேல் எவர்சில்வர் அண்டா அளவில், சுற்றிலும் கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு கலம். பம்புகள் அதிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. காற்று இருந்தால் ஆவியாகும் செம்பு அதில் மோதிச் சிதறிவிடும், அதனால் வெற்றிடம் வேண்டும்.

தகடுகளை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கலத்துக்குள் பொருத்தி மூடினார். காற்று வெளியேற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில்தான் அவர் என்ன நெருக்கடியில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

இதே சோதனையை அலுமினியத்தில் செய்து, படத்தோடு ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதி அனுப்பியிருந்தார். படத்தில் பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரு பிரகாசமான கோடு எழுகிறது. அதுதான் தாரை என்பது இவர் வாதம். கட்டுரையைப் பரிசீலித்தவர் ஒருவர் அதை ஏற்கவில்லை.

"ரெண்டு டார்ச் லைட்ட சாய்ச்சுப் புடிச்சு அடிச்சா என்ன ஆகும்ணா? வெளிச்சம் ரெண்டும் குறுக்கால பூந்து போயிடும். நடுவுல ஒண்ணுமேல ஒண்ணு விழற எடம் மட்டும் பளிச்சுனு இருக்கும். அங்க எதுவும் முட்டிக்கல. அதே ரெண்டு ஹோஸ் பைப்ல தண்ணி அடிச்சா?"

"நடுவுல முட்டிக்கிட்டு மேல எகிறும்."

"ஆங், அதான். நான் ஹோஸ் பைப்புன்றேன். அவரு டார்ச்சா இருக்கலாமேன்றாரு. ரெண்டு பிளாஸ்மாவும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து போயிருக்கலாம், நீ பாத்தது வெறும் வெளிச்சக் கூட்டல்னு. அவர் கேட்டதும் ஞாயம்தான். என்கிட்ட இருக்கற போட்டோவ வச்சு பதில் சொல்ல முடியல."

செம்பு அலுமினியத்தைவிடக் கனமான உலோகம். அதன் பிளாஸ்மா தன் வெப்பத்தை ஒளியாக வேகமாக இறைத்துவிட்டுக் குளிரும். குளிர்ந்தால் அதிகம் பரவாமல் மெலிந்து நிற்கும். ஆகவே தாரை தெளிவாக விழும், அதை வைத்து வாதாடலாம் என்று நம்பினார். ஆனால் அந்த லேசர் சனிக்கிழமை கழற்றப்பட்டு வேறு கட்டடத்துக்குப் போகிறது. திரும்ப ஓட ஆரம்பிக்க மாதக் கணக்காகும். கட்டுரைக்குப் பதில் சொல்ல அவ்வளவு அவகாசம் இல்லை. வெள்ளிக்கிழமை லேசர் வேறொருவருக்கு. ஆக அவருக்கு இருந்தது அந்த ஒரு வியாழக்கிழமைதான். இதையெல்லாம் அவர் பதற்றமில்லாமல்தான் சொன்னார். ஆனால் பேசும்போது கூந்தல் கிளிப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

பதினோரு மணிக்கு மேல் அறை விளக்குகளை அணைத்தார். நாங்கள் ஒரு கறுப்புத் திரைக்கு இந்தப் பக்கம் கணினித் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். முதலில் தகட்டின் பள்ளமில்லாத சமதளப் பகுதியில் ஒரு ஷாட். லேசர் பெட்டியிலிருந்து "டக்" என்று ஒரு சத்தம். திரையில் ஒரு மங்கலான அரைவட்டம், உப்பிய பூரியைப் பாதியாக வெட்டி வைத்த மாதிரி. எனக்குச் சப்பென்று இருந்தது. வெளிப்படையாகச் சொல்கிறேன்: இதற்கா தொண்ணூறு கிலோமீட்டர் வந்தோம் என்று தோன்றியது.

ரெஜினா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மெதுவாக விளக்கினார். லேசர் துடிப்பு சில நானோ வினாடிதான் நீடிக்கும். ஒரு நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் மணல் துகள் அளவுள்ள இடத்தில் அத்தனை ஆற்றலும் கொட்டப்படுகிறது. செம்பு உருகி வழிய நேரமே இல்லை. மேல்தோல் நேராக ஆவியாகிறது, அந்த ஆவியின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்து பிளாஸ்மா ஆகிறது. சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடு. வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாய்கிறது. லேசர் எந்தச் சாய்வில் வந்து விழுந்தாலும் பிளாஸ்மா தளத்துக்குச் செங்குத்தாகத்தான் கிளம்பும். என் கடை மெஷினில் அந்தப் பொட்டு வெளிச்சம் எப்போதும் நிமிர்ந்து நிற்பது ஏன் என்பதற்கு விடை கிடைத்தது.

"அப்ப பள்ளத்தோட ரெண்டு செவுத்துலருந்தும் கெளம்பினா?" என்றேன்.

"செவுரு சாஞ்சிருக்கு இல்ல, அதனால ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா வரும். நடுவுல சந்திக்கும். அதுக்குத்தான் உங்க வீ."

இன்னொன்றையும் சொன்னார், அதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தக் கேமரா ஒரு ஷாட்டுக்கு ஒரு படம்தான் எடுக்கும். அடுத்த படத்துக்குத் தகட்டைச் சற்று நகர்த்தி, புதிய இடத்தில் மறுபடி அடித்து, கேமராவை இன்னும் கொஞ்சம் தாமதமாகத் திறக்க வேண்டும். ஐம்பது நானோ வினாடி கழித்து ஒன்று, நூறு கழித்து ஒன்று, இருநூறு கழித்து ஒன்று. நாம் பார்க்கும் வளர்ச்சி ஒரே தாரையின் வளர்ச்சி கிடையாது. ஒவ்வொரு படமும் வேறொரு தாரை. எல்லாம் ஒன்றுபோல் பிறந்தால்தான் கதை சேரும். அதனால்தான் பள்ளம் நீளம் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று போனில் அத்தனை முறை சொல்லியிருக்கிறார்.

பிறகு பள்ளத்துக்கு நகர்த்தினார். "டக்."

திரையில் பள்ளத்தின் இரு சுவர்களிலும் ஒளி, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. என்னையறியாமல் "வந்துடுச்சு!" என்றேன். ரெஜினா அதற்குள் விசைப்பலகைக்குத் திரும்பியிருந்தார். தாமதத்தை மாற்றி அடுத்த ஷாட், அதற்கடுத்தது. கோடு நீண்டது, ஆனால் நிமிர்ந்து நிற்கவில்லை. காற்றில் சாய்ந்த கம்பு மாதிரி இடப் பக்கம் சாய்ந்தே வளர்ந்தது.

அந்த நேரத்தில் அவருடைய பேராசிரியை உள்ளே வந்தார். கன்னடக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், தமிழ் ஓரளவு பேசுவார். எல்லோரும் அவரை மேடம் என்றுதான் அழைக்கிறார்கள். திரையைப் பார்த்ததும் அவர் புருவம் சுருங்கியது.

"ஏன் சாஞ்சிருக்கு? குரூவ் சரியில்லையா?"

குரூவ் என்றால் பள்ளம். அதாவது என் வேலை.  வெட்டும்போது பிட்டின் கூர்முனை தேய்ந்திருக்குமோ, தகடு பிடியில் ஒரு மயிரிழை தூக்கியிருக்குமோ என்று தகடு வெட்டிய அந்த மதியத்தை முழுக்க மனதில் ஓட்டிப் பார்த்தேன். நுண்ணோக்கியில் சரியாக இருந்ததே என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"கழட்டிடலாம். பழைய அலுமினியமே போடு. இருக்கற டைம்ல அதுவாவது இன்னும் நல்லா வரட்டும்" என்றார் மேடம்.

கலத்தைத் திறந்தால் காற்று புகுந்துவிடும். மறுபடி வெற்றிடமாக்க மதியம் ஆகிவிடும். அதன் பிறகு அலுமினியத்தில் எடுப்பதும் ஏற்கெனவே கைவசம் இருக்கும் அதே மாதிரிப் படங்கள்தான். ரெஜினா பம்பின் சுவிட்ச் வரை போய்விட்டார். கை அதன் மேல் இருந்தது. அப்படியே நின்றார்.

"மேடம், ஒரு நிமிஷம். பள்ளம் கோணையா இருந்தா எங்க அடிச்சாலும் இதே சைடுதான் சாயணும். லேசர் நடுவுல விழாம ஒரு செவுத்துல ஜாஸ்தி விழுந்திருந்தா, நகத்துனா மாறணும். புதுத் தகடு கொஞ்சம் தடிமன், ஹோல்டர்ல தள்ளி உக்காந்திருக்கலாம். தெறக்க வேணாம். வெளியிலருந்தே நகத்திப் பாக்கறேன்."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி. மாடு."

செய் என்று அர்த்தம். தகட்டை உள்ளே நகர்த்தும் திருகு வெளியே இருக்கிறது. ரெஜினா அதை விரல் நுனியால் சற்றே திருப்பினார். "டக்." கோட்டின் சாய்வு குறைந்தது. இன்னொரு முறை திருப்பி அடித்தார். இந்த முறை திரையில் நின்றதை எப்படிச் சொல்வது? பள்ளத்தின் அடியிலிருந்து ஊசி போல மெலிந்து, நேராக, இரு பக்கமும் இருட்டு இருக்க நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு தாரை. தகட்டிலிருந்து அரை விரல்கடை உயரம்கூட இருந்திருக்காது. திரையில் அது ஒரு கோபுர விளக்கு மாதிரி நின்றது.  

மேடம் எழுந்து ரெஜினாவின் தோளைத் தட்டினார். "சென்னாகிதே, நல்லா வந்திருக்கு. இதையே எல்லா டிலேயிலயும் எடு. அந்தக் கோணல் படமெல்லாம் வேணாம்."

ரெஜினா திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. இன்னும் ஒரு துளி அதே பக்கம் திருப்பினார். "டக்." இப்போது தாரை வலப் பக்கம் சாய்ந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேடம் பக்கம் திரும்பினார். 

"மேடம். டார்ச் சாயாது."

மேடம் புரியாமல் பார்த்தார்.

"ரெண்டு டார்ச்ல ஒண்ணு டல்லா இருந்தா, குறுக்க விழற எடம் டல்லாகும். ஆனா அதே எடத்துலதான் இருக்கும், சாயாது. ஹோஸ் பைப்தான் சாயும். ஒரு பைப்ல ப்ரெஷர் கம்மியானா தண்ணி அந்தப் பக்கம் சாயும். இது சாயுது மேடம். ரெண்டு பக்கமும் சாயுது. முட்டிக்கிட்டாத்தானே ஒண்ண ஒண்ணு தள்ள முடியும்?"

மேடத்துக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார், பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளை மாதிரி.

"ஹௌதல்லா! ஆமாம்ல! அந்த முதல் படமெல்லாம் இருக்கா? டிலீட் மாடிதியா?"

"எல்லாம் இருக்கு மேடம்."

அதன் பிறகு அந்த அறையில் நடந்ததைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட கோணல் படங்கள்தான் இப்போது முக்கியம். இடப் பக்கம் இவ்வளவு நகர்த்தினால் இவ்வளவு சாய்வு, வலப் பக்கம் இவ்வளவுக்கு இவ்வளவு என்று ஒழுங்காக எடுக்க ஆரம்பித்தார்கள். மேடமே தாமதங்களை உரக்கப் படித்தார். ரெஜினா திருகினார், அடித்தார், சேமித்தார். பள்ளம் முடிந்துபோனால் தகட்டில் இடம் இருக்காதே என்று நான் கவலைப்பட்டேன். "ரெண்டு பக்கமும் நல்லா நீளமா வெட்டியிருக்கீங்கண்ணா, போதும்" என்றார் ரெஜினா. எனக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

சாப்பிடப் போனபோது மணி இரண்டரை. வளாக உணவகத்தில் ராகி முத்தையும், சாறு என்று அவர்கள் சொல்லும் குழம்பும், அறுபது ரூபாய். எங்கள் ஊர்க் களியைவிடக் கொஞ்சம் இறுக்கம், சாறில் காரம் குறைவு, ஆனால் பசிக்கு அமிர்தம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போது மேடத்திடம் ஒரு கேள்வி கேட்டேன்: இதனால் என்ன பயன்? தொழில்காரன் கேட்கிற கேள்வி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"வானத்துல புதுசா பிறக்கிற நட்சத்திரம் இந்த மாதிரி ஜெட் விடும். ஒரு முனையிலருந்து இன்னொரு முனைக்கு வெளிச்சம் போகவே வருஷக் கணக்காகும், அவ்வளவு நீளம். அது எப்படி இவ்வளவு ஒல்லியா, கலையாம நிக்குதுன்னு இன்னும் முழுசா தெரியாது. அங்க நாம பார்க்க மட்டும்தான் முடியும். திருகி மாத்த முடியாது. இங்க முடியும்."

"ரெண்டும் ஒண்ணுதானா மேடம்?"

"ஒண்ணு இல்ல. அங்க காந்தப்புலம் இருக்கு, வேற என்னென்னமோ இருக்கு. முட்டிக்கிறது, குளிர்றது, மெலியறது, இந்தப் பகுதி மட்டும் இங்க படிக்கலாம். எல்லாத்தையும் ஒரே நாள்ல எப்படிப் படிக்கறது?" என்று சிரித்தார். தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு சுலபமாகச் சொல்கிறவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. அந்த இருவரிடமும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு யோசனை தவறு என்று தெரிந்ததும் மேடம் அதை அப்படியே கீழே வைத்துவிட்டார். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஜெயித்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த ஷாட்டுக்குப் போனார்கள்.

ஐந்து மணிக்குக் கிளம்பினேன். ரெஜினா இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினார், கண் திரையை விட்டு நகரவில்லை. திரும்பும்போது மெட்ரோவில் கூட்டம் நெரிந்தது; ஆர்.வி. ரோட்டில் இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏற முடிந்தது. பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் வரை நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததாக நினைவில்லை.

நவம்பரில் ஒரு மதியம் கடையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பலகை வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஹலோ கூட இல்லை.

"அண்ணா, ஒத்துக்கிட்டாங்க!"

சந்தேகப்பட்ட அதே பரிசீலகர், சாய்ந்த படங்களைத்தான் கட்டுரையின் முதல் படமாகப் போடச் சொல்லியிருக்கிறாராம். சொல்லிக்கொண்டே ரெஜினா அழுதார், நடுவில் சிரித்தார், பின்னால் அவருடைய அம்மா "யாருகிட்டடி பேசற?" என்று கேட்பது காதில் விழுந்தது. மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

நீங்களும் பார்க்க விரும்பினால்: பெங்களூரில் பெரிய ஆய்வு நிறுவனங்கள் பலவும் வருடத்தில் ஒரு நாள் பொதுமக்களுக்குக் கதவு திறக்கின்றன. தேதியை அவரவர் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அன்று அனுமதி இலவசம், கூட்டம் அதிகம், காலையிலேயே போவது நல்லது. மற்ற நாட்களில் போக வேண்டுமானால் ஏன் பார்க்க விரும்புகிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராமலும் போகலாம், வந்தால் அதிர்ஷ்டம். ஓசூர் வழியாக வருகிறவர்கள் பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறுங்கள், பேருந்தில் நகருக்குள் போகாதீர்கள். மாலை ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில் திரும்புவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அடையாள அட்டை அவசியம். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், ஒரு நொடிக்குக்கூட. சின்னக் குழந்தைகளுக்கு லேசர் அறை சரிப்படாது. பள்ளி மாணவர்களைத் தாராளமாக அழைத்துப் போகலாம்.

கடைசியாக ஒன்று. முதல் ஷாட்டில் திரையில் தெரிவது ஒரு மங்கலான அரைவட்டம்தான். பார்த்ததும் இவ்வளவுதானா என்று தோன்றும், பக்கத்து அறையில் என்ன இருக்கிறது என்று போகக் கால் துடிக்கும். உட்காருங்கள். அதை அடித்தவரிடம் அது என்ன என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு இன்னொரு ஷாட் அடிக்கச் சொல்லிப் பாருங்கள்.